விளக்கு எரியவில்லை, விமானத்தை ஓட்டுவது யார்?

மதுரை, தேனி, விருதுநகர், சிவகங்கைப் பக்கமிருந்து பைலட் படிப்புக்குப் போகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கமர்ஷியல் லைசென்ஸ் கையில் வந்திருக்கும். சின்ன விமானத்தைத் தனியாக ஓட்டிப் பழகியிருப்பீர்கள். அதில் ரேடியோ, மேப், இன்ஜின், உயரம் எல்லாமே உங்கள் ஒருவர் பொறுப்பு. அந்தப் பழக்கத்தோடு இரண்டு பேர் உட்காரும் காக்பிட்டுக்கு வரும்போது ஒரு சிக்கல் கூடவே வருகிறது. ஏதாவது ஒரு கருவி மக்கர் செய்தால், உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரும் அந்தக் கருவியையே பார்க்கிறார்கள். பெரும்பாலும் பழுது யாரையும் கொல்வதில்லை. அந்த நேரத்தில் விமானத்தை யாரும் பார்க்காமல் இருப்பதுதான் கொல்கிறது.

இதற்கு உலகம் முழுதும் வகுப்பில் சொல்லப்படும் உதாரணம் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிட்டு வழிமுறைக்குப் போவோம்.

1972 டிசம்பர் 29, இரவு. நியூயார்க்கிலிருந்து மியாமிக்கு வந்தது ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401. லாக்ஹீட் ட்ரைஸ்டார், அன்றைக்குப் புது ரக விமானம். இறங்குவதற்காகச் சக்கரங்களை இறக்கினார்கள். மூக்குச் சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டது என்று காட்டும் பச்சை விளக்கு மட்டும் எரியவில்லை. இறங்குவதை நிறுத்தினார்கள், 2,000 அடிக்கு ஏறினார்கள், ஊருக்கு மேற்கே சதுப்புக்காட்டின் மேல் ஆட்டோபைலட்டில் விட்டார்கள். இதுவரை எல்லாமே சரி.

அப்புறம் துணை விமானி அந்த விளக்கின் மூடியைக் கழற்றினார். திரும்ப மாட்டும்போது அது கோணலாகச் சிக்கிக்கொண்டது. கேப்டனும் அவரும் மாறி மாறி அதோடு மல்லுக்கட்டினார்கள். ஃப்ளைட் இன்ஜினியர், அதாவது காக்பிட்டில் இன்ஜின் கருவிகளைக் கவனிக்கும் மூன்றாவது ஆள், சக்கரத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று காக்பிட்டுக்கு அடியில் உள்ள அறைக்குள் இறங்கினார். கூடப் பயணித்த பராமரிப்பு நிபுணரும் அவருக்கு உதவப் போனார். நான்கு பேர், ஒரு பல்பு. இதற்கு நடுவில் யாரோ ஒருவர் கை பட்டு, அநேகமாகக் கேப்டன் திரும்பிப் பேசும்போது விமானத்தை ஏற்றி இறக்கும் கன்ட்ரோல் தண்டு அழுந்தி, ஆட்டோபைலட் உயரத்தைப் பிடித்துக்கொள்வதை விட்டுவிட்டது. விமானம் மெதுவாக, வயிற்றுக்கே தெரியாத வேகத்தில், இறங்க ஆரம்பித்தது. உயரம் மாறுகிறது என்று அரை விநாடி ஒரு மணி ஒலித்தது. அது ஒலித்த இடம் ஃப்ளைட் இன்ஜினியரின் இருக்கைப் பக்கம். அவர் அங்கே இல்லை. கீழே நிலா இல்லாத இருட்டு, ஒரு வீட்டு விளக்குகூடக் கிடையாது. ரேடாரில் 900 அடி என்று பார்த்த கட்டுப்பாட்டாளர், அங்கே எப்படிப் போகிறது என்று கேட்டார். உயரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. திரும்பி வருகிறோம் என்று பதில் போனது. சில விநாடிகளில் மோதியது. 176 பேரில் 101 பேர் இறந்தார்கள். மூக்குச் சக்கரம் சரியாகவே இறங்கிப் பூட்டியிருந்தது. விளக்குக்குள் இருந்த இரண்டு பல்புகளும் ஃபியூஸ் போயிருந்தன, அவ்வளவுதான்.

இனி அதே பழுதை நம்மூருக்குக் கொண்டுவருவோம். சென்னையிலிருந்து மாலை வரும் ஏடிஆர் 72, அதாவது இரண்டு விசிறி இன்ஜின் உள்ள பயணிகள் விமானம், பெருங்குடிப் பக்கம் மதுரை ஓடுதளத்தில் இறங்க வருகிறது. ஓட்டுவது துணை விமானி. கேப்டன் “கியர் டவுன்” போடுகிறார். மூன்று பச்சை வர வேண்டிய இடத்தில் இரண்டுதான் வருகிறது. இப்போது என்ன செய்வது? படிப்படியாக வருகிறேன். முதல் படி மட்டும் இந்தக் கணத்துக்கு அரை மணி நேரம் முன்னாலேயே தொடங்குகிறது.

படி 1: இறங்கத் தொடங்கும் முன்பே பேசி வையுங்கள்

காக்பிட்டில் எப்போதும் இரண்டு வேலை உண்டு. விமானத்தை ஓட்டுபவர் பிஎஃப் (பைலட் ஃப்ளையிங்), கவனித்துக்கொண்டிருப்பவர் பிஎம் (பைலட் மானிட்டரிங்). கேப்டன், துணை விமானி என்பது பதவி. பிஎஃப், பிஎம் என்பது அந்த நேரத்து வேலை. கேப்டனே பிஎம் ஆக இருக்கலாம், தினமும் இருக்கிறார். சித்திரைத் தேர் மாசி வீதி முக்கில் திரும்பும்போது கவனித்திருப்பீர்கள்: முட்டுக்கட்டை போடுகிறவர் தேரில் இருக்கும் சாமியைப் பார்க்க மாட்டார், கூட்டத்தைப் பார்க்க மாட்டார், சக்கரத்தை மட்டும்தான் பார்ப்பார். வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று அவரும் வடத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். பிஎஃப் வேலை அது.

உயரத்தில் நிதானமாகப் பறந்துகொண்டிருக்கும்போதே இறங்குவதற்கான பிரீஃபிங் செய்வீர்கள். அதில் வானிலை, ஓடுதளம், வேகம் எல்லாம் சொல்லிவிட்டு மறக்காமல் இதையும் சேருங்கள்: “ஏதாவது பிரச்சினை என்றால் கோ அரௌண்ட். நான் ஓட்டுகிறேன், ரேடியோவும் எனக்கு. நீங்கள் செக்லிஸ்ட். கிழக்கே போய்ச் சுற்றிக் காத்திருப்போம்.” கோ அரௌண்ட் என்றால் இறங்காமல் மறுபடி மேலே ஏறிவிடுவது. இதைச் சொல்ல இருபது விநாடிகூட ஆகாது.

கிழக்கே என்று நான் சொல்வதற்குக் காரணம் நம்மூர் நில அமைப்பு. மதுரை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 460 அடி உயரத்தில் இருக்கிறது. கிழக்கே திருப்புவனம், மானாமதுரை, சிவகங்கை என்று சமவெளி. பக்கத்திலேயே திருப்பரங்குன்றம். மேற்கே போனால் நாகமலை, அதைத் தாண்டி வருசநாடு, மேகமலை, பழனி மலைத்தொடர். கொடைக்கானல் ஊரே 7,000 அடியில் இருக்கிறது. வடக்கே சிறுமலை, அழகர்மலை. 200 நாட் வேகத்தில் விமானம் நிமிடத்துக்கு ஆறு கிலோமீட்டர் போகும். பல்பைப் பார்த்துக்கொண்டே தவறான திசையில் பத்து நிமிடம் ஓட்டினால் எங்கே இருப்பீர்கள் என்று மேப்பில் ஒருமுறை அளந்து பாருங்கள். 1971 டிசம்பர் 9 அன்று திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு இறங்கி வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம் சின்னமனூர் அருகே மலையில் மோதி 21 பேர் இறந்தார்கள். அங்கே சிக்கல் தூரம் சரியாகத் தெரியாத வானிலை, இது பழுதான கருவியின் கதை இல்லை. ஆனாலும் மதுரைக்கு இறங்குகிற எந்த விமானியும் அந்த மலைகளை மறக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். சார்ட்டில் ஒவ்வொரு திசைக்கும் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரம் போட்டிருக்கும். அந்த எண்ணை பிரீஃபிங்கில் வாய்விட்டுப் படியுங்கள்.

படி 2: விளக்கை விடுங்கள், விமானத்தைப் பாருங்கள்

இரண்டு பச்சைதான் வந்தது. முதல் ஐந்து விநாடியில் யாரும் அந்த விளக்கைத் தொடக் கூடாது. தட்டிப் பார்ப்பது, அழுத்திப் பார்ப்பது, சுவிட்சை மறுபடி போடுவது எதுவும் வேண்டாம். பார்த்தவர் என்ன பார்த்தேன் என்று மட்டும் சொல்கிறார்: “நோஸ் கியர், நோ க்ரீன்.” பிஎஃப் பதில் சொல்வதற்கு முன் மூன்றைப் பார்க்கிறார்: மூக்கு எங்கே இருக்கிறது, வேகம் என்ன, உயரம் என்ன. ஆட்டோபைலட் போட்டிருந்தால், அது எந்த மோடில் இருக்கிறது என்று திரையில் எழுத்தாக வருவதைப் படித்துச் சொல்கிறார். பொத்தானை அழுத்தினேன், ஆகவே அது வேலை செய்கிறது என்று நம்ப வேண்டாம். 401-ல் நான்கு பேரும் அப்படித்தான் நம்பினார்கள்.

படி 3: யார் ஓட்டுவது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். “ஐ ஹேவ் கன்ட்ரோல்.” “யூ ஹேவ் கன்ட்ரோல்.” இரண்டு பேர் வாயிலிருந்தும் வர வேண்டும். ஏற்கெனவே நான்தானே ஓட்டிக்கொண்டிருக்கிறேன், எதற்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றும். அப்படித் தோன்றும் நேரத்தில்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் பழுது வந்ததும் வேலைகள் குலைந்துபோகின்றன. சொல்லும்போது அவை திரும்பச் சரியாக அடுக்கப்படுகின்றன. கூடவே ரேடியோ யாருக்கு என்பதையும் சொல்லிவிடுங்கள். செக்லிஸ்ட் படிப்பவர் நடுவில் டவரோடு பேசினால் எந்த வரியில் விட்டோம் என்று தொலைத்துவிடுவார். ஆகவே பொதுவாக ரேடியோவும் ஓட்டுபவரிடம் போகும். உங்கள் நிறுவனத்துக் கைநூல் வேறு மாதிரி சொன்னால் அதுதான் சட்டம்.

யார் ஓட்டலாம் என்பதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. சிக்கலான பழுது, யோசித்து முடிவெடுக்க வேண்டிய பழுது என்றால், ஓட்டும் வேலையைத் துணை விமானியிடம் கொடுத்துவிட்டுக் கேப்டன் கையைக் காலியாக வைத்துக்கொள்வது நல்லது. ஓட்டுகிற கையோடு சேர்ந்து மூளையும் ஓடிக்கொண்டிருக்கும். பெட்ரோல் எவ்வளவு, எந்த ஊர், பயணிகள் நிலை என்ன என்று நாலாபக்கமும் யோசிக்க இடம் இருக்காது. எல்லாக் கேப்டன்களும் இதை ஏற்க மாட்டார்கள், நானே ஓட்டுகிறேன் என்பவர்களும் உண்டு. அதுவும் நடக்கும். 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவாண்டாஸ் 32-இல் ஒரு இன்ஜின் வெடித்து, காக்பிட் திரையில் எச்சரிக்கைகள் வரிசையாகக் கொட்டியபோது, கேப்டன் விமானத்தைப் பிடித்துக்கொண்டார், துணை விமானி எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகப் படித்துத் தீர்த்தார். அதற்கே ஐம்பது நிமிடம் போனது. காக்பிட்டில் ஐந்து விமானிகள் இருந்தும் வேலை கலக்கவில்லை. 469 பேரும் பிழைத்தார்கள். யார் என்பது அடுத்தது. ஒருவர், ஒருவர் மட்டும், என்பது முதலில்.

படி 4: இடம் வாங்குங்கள், நேரத்துக்கு எல்லை போடுங்கள்

பழுதோடு இறங்க அவசரப்பட வேண்டாம். கோ அரௌண்ட் போய், பாதுகாப்பு உயரத்துக்கு ஏறி, மதுரை டவரிடம் கிழக்கே ஹோல்ட், அதாவது ஒரே இடத்தில் சுற்றிக் காத்திருக்க அனுமதி, கேளுங்கள். “பிரச்சினையைப் பார்க்க நேரம் வேண்டும்” என்று சொன்னாலே போதும், அவர்கள் வழிவிடுவார்கள்.

ஆனால் இடம் கிடைத்ததும் நேரம் மறந்துபோகும். இது முதல் ஆபத்தின் மறுபக்கம். 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவில் போர்ட்லண்ட் அருகே யுனைட்டெட் 173, ஒரு டிசி-8, சக்கரம் விபரீதச் சத்தத்தோடு இறங்கியதால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுற்றியது. சக்கரத்தையும், பயணிகளை எப்படித் தயார் செய்வது என்பதையும் பேசிப் பேசி, பெட்ரோல் தீர்ந்து நான்கு இன்ஜினும் அணைந்தன. 10 பேர் இறந்தார்கள். பெட்ரோல் குறைகிறது என்று கூட இருந்தவர்கள் சொல்லாமல் இல்லை. சொன்ன விதத்தில் அவசரம் கேட்கவில்லை. காக்பிட்டில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் பேசி ஒன்றாக வேலை செய்யப் பழக்கும் சிஆர்எம் பயிற்சி, இன்று எல்லா நிறுவனமும் நடத்துவது, வளர்ந்ததற்கு இந்த விபத்து ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே ஹோல்டில் நின்றதும் பிஎம் ஒரு தாளில் மணியை எழுதட்டும். “7:40 வரை பார்ப்போம். அதற்குள் தீரவில்லை என்றால் இருக்கிற நிலையில் இறங்குவோம், அல்லது திருச்சி போவோம்.” திருச்சியா, தூத்துக்குடியா, கோவையா என்பதை அப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஓடுதள நீளம், தீயணைப்பு வசதி, காற்று மூன்றும் பார்க்க வேண்டும். எழுதிய மணி வந்ததும் ஓட்டுபவர் நினைவுபடுத்த வேண்டும். மேலும் தாமதமானால் கடைசி இருப்புப் பெட்ரோலைத் தொட நேரும் என்று தெரிந்த உடனே “மினிமம் ஃப்யூயல்” சொல்லுங்கள். தொட்டே ஆக வேண்டும் என்றால் “மேடே ஃப்யூயல்”. கூச்சப்பட வேண்டிய வார்த்தை இல்லை அது.

படி 5: செக்லிஸ்ட்டை ஒருவர் படிக்கட்டும், முக்கிய லீவரை இருவரும் பார்க்கட்டும்

பிஎம் கைநூலை எடுத்து, தலைப்பை முதலில் வாய்விட்டுப் படிக்கிறார். இது அந்தப் பழுதுக்கான பக்கம்தானா என்று பிஎஃப் ஒப்புக்கொள்கிறார். அப்புறம் வரி வரியாக. ஏடிஆரில் சக்கர விளக்குகள் இரண்டு இடத்தில் இருக்கின்றன: நடுப் பலகையில் ஒரு தொகுதி, தலைக்கு மேல் இன்னொரு தொகுதி, தனித்தனி வயரிங். கீழே இரண்டு பச்சை வந்து மேலே மூன்று வந்தால் கதை வேறு. அதை நினைவிலிருந்து தீர்மானிக்காமல் கைநூல் சொல்லும் இடத்தில் பாருங்கள். மேலே பார்ப்பவர் பிஎம். பிஎஃப் தலையைத் தூக்கவே வேண்டாம்.

சக்கர விளக்கில் தவறினால் நேரம்தான் போகும். இன்ஜினில் தவறினால் உயிர். 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் ட்ரான்ஸ்ஏசியா 235 கிளம்பியது. ஏடிஆர் 72-600, நம்ம மதுரைக்கு வருகிற அதே ரகம். சென்சார் இணைப்புக் கோளாறால் இரண்டாம் இன்ஜினின் விசிறி இதழ்கள் தானாகக் காற்றுக்கு நேராகத் திரும்பிக்கொண்டு, விமானத்தை இழுப்பதை நிறுத்திவிட்டன. ஒரு இன்ஜினில் தாராளமாகப் பறந்திருக்கலாம். ஓட்டிக்கொண்டிருந்த கேப்டன் நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதல் இன்ஜினின் லீவரைப் பின்னால் இழுத்தார். பொறுங்கள், சரிபார்ப்போம் என்று துணை விமானி சொல்லியிருக்கிறார். அதற்குள் கை முந்திவிட்டது. கடைசியில் அந்த நல்ல இன்ஜினையே அணைத்துவிட்டார்கள். ஆற்றில் விழுந்து 43 பேர் இறந்தார்கள்.

இங்கே ஒருவரே ஓட்டவும் செய்தார், பழுதைத் தீர்க்கவும் செய்தார். அதனால்தான் இந்தச் சடங்கை விடவே கூடாது: திரும்பப் பெற முடியாத எந்த லீவரானாலும், பிஎம் விரலை அதன் மேல் வைக்கிறார், இழுக்கவில்லை. “நம்பர் டூ, கன்ஃபர்ம்?” பிஎஃப் கண்ணால் பார்க்கிறார், லீவரையும் இன்ஜின் எண்களையும். “நம்பர் டூ, கன்ஃபர்ம்ட்.” அதற்கு அப்புறம்தான் கை அசைய வேண்டும். பிஎஃப் லீவரைப் பார்க்கும் அந்த ஒரு கணம் பிஎம் வெளியையும் மூக்கையும் பார்த்துக்கொள்கிறார். அவசரமாக இருக்கிறதே என்று தோன்றினால், ஏறிக்கொண்டிருக்கும்போது இன்ஜின் போனாலும் பாதுகாப்பான உயரம் வரும் வரை பொறுத்துத்தான் லீவரைத் தொடச் சொல்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: “சார்” என்று தொடங்கினாலும் முடிவைச் சொல்லுங்கள்

நம் பிள்ளைகளுக்கு இந்த இடம்தான் கஷ்டம். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். மரியாதை நல்ல குணம், காக்பிட்டிலும் அது வேண்டும். ஆனால் மரியாதை காரணமாக எண்ணை விழுங்கிவிடக் கூடாது. “சார், கொஞ்சம் பார்க்கலாமா சார்” என்பதில் விஷயமே இல்லை. “சார், உயரம் 1,800. நாம் 2,000-ல் இருக்கணும்.” இதில் மரியாதையும் இருக்கிறது, எண்ணும் இருக்கிறது.

படிப்படியாக ஏறுங்கள். முதலில் எண்ணைச் சொல்லுங்கள். அசையவில்லை என்றால் பதவிப் பெயர் சொல்லி, செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்: “கேப்டன், க்ளைம்ப் நவ்.” அதற்கும் பதில் இல்லை என்றால் “ஐ ஹேவ் கன்ட்ரோல்”. இரண்டு முறை கூப்பிட்டுப் பதில் வராத விமானியை, உடம்பு முடியாமல் போனவராகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது பயிற்சி. அவர் நன்றாக உட்கார்ந்திருந்தாலும் சரி.

1978 ஜனவரி 1 அன்று பம்பாயிலிருந்து கிளம்பிய ஏர் இந்தியா 855, இருட்டில் கடல் மேல் வலது பக்கம் திரும்பி நேரான பிறகும் கேப்டனின் முன்னால் இருந்த சாய்வு காட்டும் கருவி வலது சாய்விலேயே நின்றுவிட்டது. அதை நம்பி அவர் இடது பக்கம் சாய்த்தார். இருட்டில் கண்ணுக்கு அடிவானம் கிடையாது. ஃப்ளைட் இன்ஜினியர் வேறொரு கருவியைப் பார்க்கச் சொல்லி எடுத்துக்காட்ட முயன்றார், ஆனால் நேரம் இல்லை. 213 பேரும் போய்விட்டார்கள். மூன்று கருவி இருந்தால் மூன்றையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகும் இரண்டை நம்ப வேண்டும் என்பது இதிலிருந்து எல்லோரும் எடுக்கும் பாடம். நான் கூடவே இன்னொன்றையும் எடுக்கிறேன். தவறாகக் காட்டும் கருவியைப் பார்ப்பவருக்கு அது தவறு என்று தோன்றாது. பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல முடியும். சில விநாடிகளுக்குள் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயம். இருவரும் தமிழர் என்றால் பதற்றத்தில் தமிழில் பேச வரும். கலந்து பேசும்போது பரவாயில்லை. ஆனால் கன்ட்ரோல் மாற்றுவது, லீவர் உறுதி செய்வது, உயரம் சொல்வது போன்ற அழைப்புகள் கைநூலில் உள்ள ஆங்கில வார்த்தைகளில்தான் இருக்க வேண்டும். சிமுலேட்டரில் அந்த ஒலிக்குத்தான் கையும் காதும் பழகியிருக்கின்றன.

கேப்டன்களுக்கும் ஒரு வார்த்தை. விமானம் ஏறியதும் “தம்பி, நான் எதையாவது விட்டால் உடனே சொல்லுப்பா” என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். பாதிக் கஷ்டம் அதிலேயே போய்விடும்.

படி 7: டவரும் கேபினும்

டவரிடம் என்ன பழுது, என்ன செய்யப் போகிறோம், எத்தனை பேர், எவ்வளவு பெட்ரோல். கேபின் பொறுப்பாளரிடம் என்ன பழுது, எங்கே இறங்குகிறோம், எத்தனை நிமிடம், விசேஷமாக ஏதாவது உண்டா. இரண்டையும் சுருக்கமாகச் சொல்லி, கேட்டவரைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். 10,000 அடிக்குக் கீழே பறப்புக்குச் சம்பந்தமில்லாத பேச்சு கூடாது என்ற விதியை அமெரிக்கா 1981-ல் கொண்டுவந்தது. பழுது இருக்கும்போது உயரம் எதுவானாலும் அந்த விதியைக் கடைப்பிடிப்பது நல்லது. பயணிகளுக்கான அறிவிப்பு கடைசி.

படி 8: மறுபடி இறங்குவது

செக்லிஸ்ட் முடிந்தது என்று பிஎம் வாய்விட்டுச் சொன்னதும், யார் ஓட்டுகிறார் என்பதை இன்னொரு முறை சொல்லிக்கொள்ளுங்கள். கேப்டன் இறக்குவதாக இருந்தால் கன்ட்ரோலை இப்போதே மாற்றிவிடுங்கள், ஓடுதளத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். சாதாரண பிரீஃபிங்கை முழுசாகச் செய்யுங்கள். பழுது வந்துவிட்டதே என்று வழக்கமான லேண்டிங் செக்லிஸ்ட் விட்டுப்போவது சகஜம். தரை தொட்ட பின் சக்கரம் மடங்கினால் யார் என்ன செய்வது என்பதையும் பேசிவிடுங்கள். நின்றதும் டெக் லாகில், அதாவது விமானத்தின் பழுதுப் பதிவேட்டில், கண்டதை மட்டும் எழுதுங்கள்: எந்த விளக்கு, எந்தப் பலகை, எத்தனை மணிக்கு. காரணத்தை இன்ஜினியர் கண்டுபிடிக்கட்டும்.

வீட்டில் பழகுவது எப்படி

சிமுலேட்டர் நேரம் விலை அதிகம். அதற்கு முன் வீட்டிலேயே நிறைய செய்யலாம். சுவரில் காக்பிட் படத்தை ஒட்டுங்கள், முன்னால் இரண்டு நாற்காலி போடுங்கள். உங்கள் பேட்ச் நண்பர் ஒருவர் பக்கத்தில். மூன்றாவதாக ஒருவர் வேண்டும், தங்கையோ அம்மாவோ யாராகவும் இருக்கலாம், விமானம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் கையில் உயரம் எழுதிய அட்டைகள்: 2,000, 1,900, 1,800, 1,700. நீங்கள் இருவரும் சக்கர விளக்கு செக்லிஸ்ட்டை நிஜமாகவே படித்துச் செய்யுங்கள். அவர் சத்தமில்லாமல், தான் நினைத்த நேரத்தில், அட்டையை மாற்றிக்கொண்டே போகட்டும். 1,900 வந்ததும் பிஎஃப் சொல்ல வேண்டும். அவர் விட்டால் 1,800-ல் பிஎம். இருவரும் விட்டு 1,700 வந்துவிட்டால் செக்லிஸ்ட்டை மூடிவிட்டு முதலிலிருந்து. அப்புறம் இடம் மாறி உட்கார்ந்து, இன்னொரு முறை.